ஏணி ஒன்றுதானா?

லூமுட் படகுத்துறையில் நின்று நோக்குவார்க்குப் பங்கோர்த் தீவு கைக்கெட்டும் தொலைவில் மிதப்பதுபோல் தோன்றும். படகு செல்லும் வழி ஒன்றே. ஆயினும் அதில் ஏறுவோரின் நோக்கம் ஒன்றன்று. ஒருவர் மாசி மகத்திற்குப் பத்திரகாளியம்மன் கோயிலை நாடிச் செல்கிறார். மற்றொருவர் நெத்திலிக் கருவாடு வாங்கச் செல்கிறார். புதுமணத் தம்பதியர் கடலாடச் செல்கின்றனர். ஒரு முதியவர் காற்று வாங்குவதற்காகவே அக்கரை சென்று அடுத்த படகிலேயே திரும்பி வருகிறார். இவர்களுள் முறையாகப் பயணம் செய்தவர் யார், வென்றவர் யார் என்று ஒருவன் வினவினால் நாம் நகைப்போம். அந்த நகைப்புக்குரிய வினாவைத்தான் இன்றைய கணினியுலகின் வாழ்வியல் விளையாட்டுகள் நம் பிள்ளைகளிடம் நாள்தோறும் கேட்டுக்கொண்டிருக்கின்றன. கேட்பதோடு நில்லாமல் விடையையும் தாமே வகுத்து வைத்திருக்கின்றன.

இனி வரும் வாழ்வியல் விளையாட்டு அவ்வாறு இருத்தல் கூடாது. ஆடுவோர் ஒவ்வொருவரும் தத்தம் போக்கில் ஆடுதற்கு இடந்தருவதாக அது அமைதல் வேண்டும். இதுவே இக்கட்டுரையின் வாதம். ‘விளையாட்டைப் பற்றி எழுதுவதற்குத் தமிழாசிரியனுக்கு என்ன வந்தது?’ என்று புருவம் நெரிப்போர் சற்றுப் பொறுத்தருள்க.

பொருள் இன்னதென முதலில் வரையறுப்போம். கணினித் திரையில் சில மாந்தரைப் படைத்து, அவர்க்கு வீடு கட்டி, உண்பித்து, உறங்கவைத்து, தொழிலும் காதலும் பகையும் நட்புமாக அவர்தம் நாள்களை நடத்துவதே வாழ்வியல் விளையாட்டு. 1985ஆம் ஆண்டிலேயே ‘லிட்டில் கம்ப்யூட்டர் பீப்பிள்’ என்னும் பெயரால் இதன் முளை தோன்றிற்று. ஒரு வீடு, ஒரு மனிதன், ஒரு நாய், அவ்வளவே. இத்துறையைப் பெருமரமாக வளர்த்தவர் வில் ரைட் என்னும் அமெரிக்கர். 1991ஆம் ஆண்டு ஓக்லாந்து நகர்ப்புறத்தில் மூண்ட பெருந்தீயில் அவரது வீடு எரிந்துபோயிற்று. இழந்த வீட்டைப் பொருள் பொருளாக மீண்டும் அமைத்த பட்டறிவிலிருந்து அவர் சிந்தித்த விளையாட்டே 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளிவந்த ‘தி சிம்ஸ்’. அதன் அடுத்தடுத்த பகுதிகள் 2004, 2009, 2014 ஆகிய ஆண்டுகளில் வந்தன. தென்கொரியாவின் கிராஃப்டன் நிறுவனம் 2025 மார்ச்சில் ‘இன்சோய்’ என்னும் போட்டி விளையாட்டை முன்னோட்டமாக வெளியிட்டது. கனடாவில் ஒரு சிறு குழுவினர் ‘பாராலைவ்ஸ்’ என்பதனை 2019இல் அறிவித்தனர். ஆகவே ‘இனி வருவது எவ்வாறு இருத்தல் வேண்டும்?’ என்னும் வினா இன்று உலகெங்கும் எழுந்திருக்கிறது. அவ்வினாவில் நமக்கும் பங்குண்டு என்பதை ஒரு சிறு நிகழ்ச்சி எனக்கு உணர்த்தியது.

சென்ற பள்ளி விடுமுறையில் என் மாணவி ஒருத்தியின் வீட்டிற்குச் சென்றிருந்தேன். லூமுட்டுக்கும் சித்தியவானுக்கும் இடையே மலிவுவிலை வீடுகள் நிறைந்த குடியிருப்பு அது. அச்சிறுமி கணினி முன் அமர்ந்திருந்தாள்; அருகில் நாற்காலியிட்டு அவள் பாட்டி அமர்ந்திருந்தார். அவர் நாற்பதாண்டுகள் பால்மரம் வெட்டியவர். அவர் வாழ்ந்த தோட்டம் செம்பனையாக மாறி, லயத்து வீடுகள் இடிக்கப்பட்டு ஆண்டுகள் பல கடந்துவிட்டன.

“பாட்டி, தண்ணிக் குழாய் எந்தப் பக்கம்?”

“கோடியிலே போடு கண்ணு. பத்து வீட்டுக்கும் அது ஒண்ணுதான். விடியாமலே வாளி வரிசை கட்டிடும்.”

அவள் திரையில் ஒரு லயத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். வரிசையாகக் கதவுகள், வாசலில் மல்லிகைப் பந்தல், அப்பால் ஆயாக்கொட்டகை, மரத்தடியில் முனியாண்டிக்கு ஒரு கல். விளையாட்டோ இடைவிடாது அவளை இடித்துரைத்தது. ‘இவருக்கு வேலையில்லை, வேலை தேடுக’ என்றது. ‘இந்தப் பொருள் மலிவானது; மேலானது வாங்குக’ என்றது. ‘இவரது குறிக்கோள் இன்னும் நிறைவேறவில்லை’ என்றது. அச்சிறுமி ஒவ்வோர் அறிவிப்பையும் ஈயை ஓட்டுவதுபோல் ஓட்டிவிட்டுத் தன் லயத்தைக் கட்டினாள். வேலி எங்கே, வேப்பமரம் எங்கே என்று பாட்டி சொல்லச் சொல்ல, அவர் கண்கள் கலங்கின. “ஐயா, எங்க வீடு நாலாவது கதவு” என்று என்னிடம் திரையைத் தொட்டுக் காட்டினார்.

அன்று நான் கண்டது வீண் பொழுதுபோக்கா? ஒரு தலைமுறை மற்றொரு தலைமுறைக்குத் தன் ஊரை ஒப்படைத்த காட்சி அது. விளையாட்டை வகுத்தோர் அதனை எதிர்பார்த்தாரல்லர். அதற்கு அவர்கள் கணக்கில் மதிப்பெண்ணும் இல்லை. அச்சிறுமி விளையாட்டின் ஏவலை மீறியே அதனைச் செய்ய வேண்டியிருந்தது. என் வழக்கு இங்கேதான் தொடங்குகிறது.

நம் முன்னோர் இரண்டு விளையாட்டுகளை நமக்கு விட்டுச் சென்றனர். ஒன்று பரமபதம், மற்றொன்று பல்லாங்குழி. பரமபதத்தில் ஏணியும் பாம்பும் முன்னரே வரையப்பட்டவை. சேருமிடம் ஒன்றே. தாயம் விழுந்தபடி காய் நகரும்; ஆடுவோனுக்குத் தேர்வு என்பதே இல்லை. பல்லாங்குழியோ வேறு. குழிகளும் காய்களும் உள்ளன. எடுத்த காயை ஒவ்வொன்றாக இட்டுச் செல்லும் விதியும் உறுதியானது. எந்தக் குழியிலிருந்து எடுப்பது என்பது மட்டும் ஆடுவோரின் விருப்பம். அதனினும் மேலாக, ஒரே பலகையில் பசுப்பாண்டியும் ஆடலாம், காசிப்பாண்டியும் ஆடலாம். இணையாக ஆட எவரும் இல்லாதவர்க்குத் தனித்து ஆடும் சீதைப்பாண்டியும் உண்டு. இதே இனத்தைச் சேர்ந்த சொங்காக்கை மலாய்ச் சகோதரரும் போற்றி வருகின்றனர். பலகை ஒன்று, ஆடும் முறையோ பல. வாழ்வியல் விளையாட்டு பரமபதமாக வேண்டுமா, பல்லாங்குழியாக வேண்டுமா? இதுவே நம்முன் உள்ள வினா.

இன்றைய விளையாட்டுகள் பல்லாங்குழி வேடம் பூண்ட பரமபதங்கள் என்பேன். சான்றுகள் தருகிறேன். 2000ஆம் ஆண்டின் முதல் ‘சிம்ஸ்’ விளையாட்டில் பணியுயர்வு பெறுவதற்கு இத்தனை நண்பர் இருத்தல் வேண்டும் என்று விதி இருந்தது. நட்பு அங்கே வேலைக்கான படிக்கட்டு! நட்பாராய்தலைப் பாடமாக நடத்தும் நமக்கு இது எத்துணை நகைப்புக்குரியது! 2014ஆம் ஆண்டு வந்த நான்காம் பகுதியில், ஒரு மனிதரைப் படைக்கும்போதே அவர்க்கு வாழ்நாள் குறிக்கோள் ஒன்றைப் பட்டியலிலிருந்து தேர்ந்தாக வேண்டும். ‘யாதொரு குறிக்கோளும் இன்றி இருந்து பார்ப்போம்’ என்பதற்கு அப்பட்டியலில் இடமில்லை. அந்தப் பகுதி வெளிவந்தபோது நடைபழகும் குழந்தைப் பருவமே அதில் இல்லை. 2017 ஜனவரியில்தான் அது சேர்க்கப்பட்டது. தொட்டிலில் கிடந்த குழவி மறுநாள் பள்ளிக்குச் சென்றது!

இன்னொன்று. பணத்தின் பின்னே ஓட விரும்பாமல் வீடு கட்டவோ கதை புனையவோ விரும்புவோர், ‘மதர்லோட்’ என்னும் மறைசொல்லைத் தட்டினால் 50,000 காசு கைக்கு வரும். அவ்வழிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் என்ன தெரியுமா? ‘ஏமாற்று’ என்று பொருள்படும் ‘சீட்’ என்னும் சொல்! உழைத்துப் பொருளீட்டி உயர்தலே நேர்வழியாம். கற்பனையில் மகிழ்தல் ஏமாற்றாம். ஒரு பெயரிலேயே ஒரு சமயநெறி அடங்கியிருப்பதைக் காண்க.

குடும்ப அளவையும் காண்போம். அதே நான்காம் பகுதியில் ஒரு குடும்பத்தில் எண்மர்க்கு மேல் இருத்தல் இயலாது. தாத்தா, பாட்டி, தாய், தந்தை, பிள்ளைகள் நால்வர் என்றதும் கணக்கு முடிந்தது. கணவனை இழந்து தங்கவந்த அத்தை ஒன்பதாமவர். அவர்க்குக் கதவு சாத்தப்படும். கூட்டுக் குடும்பமாகவும், உடன்வந்த ஊராரை உறவாக்கியும் வாழ்ந்த நம்மவர்க்கு அவ்வளவு சிறிய வீடு போதுமா? கணினியின் ஆற்றலுக்கு எல்லை உண்டென்பதை நான் மறுக்கவில்லை. எனினும் எல்லையை எங்கே வரைவது என்று முடிவு செய்வோரின் மனத்தில் எந்தக் குடும்பம் இருந்தது என்பதே என் வினா.

நல்லன நிகழ்ந்திருப்பதையும் சொல்லுதல் கடன். ஆயுளைக் குறுக்கவும் நீட்டவும், மாந்தர் தாமாக இயங்கும் அளவைக் கூட்டவும் குறைக்கவும் அவ்விளையாட்டில் வழியுண்டு. 2023 டிசம்பரில் தென்கிழக்காசிய நிலத்தைத் தழுவிய ‘தொமராங்’ என்னும் ஊரோடு வந்த துணைப்பகுதி, ஒரே மனையில் ஆறு குடியிருப்புகள் வரை அமைக்க இடந்தந்தது. அண்டை அயலோடு சுவர் பகிர்ந்து வாழும் குடியிருப்புகளை ஆடுவோரே அமைத்துக்கொள்ள இடந்தருவதற்கு ஒன்பதாண்டுகள் ஆயின. அதுவும் தனி விலைக்கு! விடுதலையைத் துண்டு துண்டாக நறுக்கி எடைபோட்டு விற்பது விடுதலையாகுமா? துணைப்பகுதிகளை விலைக்கு விற்கமாட்டோம் என்று ‘பாராலைவ்ஸ்’ குழுவினர் வாக்களித்தது ஈண்டு நினைக்கத்தக்கது.

இனி, மறுப்பாளர்க்கு வருவோம். முதல் மறுப்பு: ‘விதியில்லாத விளையாட்டு விளையாட்டாகுமா? எதனையும் எவ்வாறும் செய்யலாம் என்றால் சுவை ஏது?’ நேர்மையான மறுப்பு இது. யாப்பில்லாத வெண்பா உண்டா என்று கேட்பதைப் போன்றது. இதற்கு விடையாக விதிகளை இருவகைப்படுத்துகிறேன். ஒன்று விளைவு விதி. மற்றொன்று குறிக்கோள் விதி. உண்ணாவிடில் பசிக்கும், நீர் விடாவிடில் செடி வாடும், பேசாதிருப்பின் உறவு தளரும் என்பன விளைவு விதிகள். பதவி உயர்ந்தால்தான் வெற்றி, பெரிய வீடே நல்ல வீடு என்பன குறிக்கோள் விதிகள். முன்னவை இன்றி விளையாட்டு இல்லை. அவை எவ்வளவு நுட்பமாக உள்ளனவோ அவ்வளவு சுவை. பின்னவற்றை வகுக்கும் உரிமை ஆடுவோர்க்கே உரியது. வெண்பாவிற்குத் தளை உண்டு; எதனைப் பாடவேண்டும் என்று எந்த யாப்பிலக்கணமும் புலவனுக்குக் கட்டளையிடவில்லை.

இவ்வேறுபாட்டைப் பேராக்கில் வாழும் நமக்கு ஏட்டிலிருந்து எடுத்துக்காட்ட வேண்டுவதில்லை. விடியற்குளிரில் பால் நன்கு சுரக்கும். வெயில் ஏறினால் சுரப்புக் குறையும். பட்டை நனைந்தால் வெட்ட முடியாது. ஆதலின் இருள் பிரியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டியிருந்தது. அது மரத்தின் விதி, விளைவு விதி. அதனை எவரும் குறைகூறியதில்லை. ஆயின் ‘பால் வெட்டுவோன் பிள்ளை பால் வெட்டுவோனே’ என்பது மரத்தின் விதியா? அது துரைமார் வகுத்த விதி. பள்ளி வயதுச் சிறுவர் பதின்மர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைத்தல் வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் பணித்தது. வைத்த பள்ளியோ தொடக்க வகுப்புகளோடு நின்றது. அதற்கு மேல் ஏணி இல்லை. இருந்த ஏணியும் கங்காணி என்னும் படியோடு முடிந்தது. ஒரே வழி ஆட்டத்தில் காயாக நின்றவர் நம் பாட்டனார். காயாக இருந்தவரின் பேரப்பிள்ளைகள் இன்று ஆடுவோராக அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் கையிலும் ஒரே ஏணியைத் தருவதா? ஏணியின் நிறம் மாறினால் போதுமா? ‘தமிழாசிரியனுக்கு என்ன வந்தது?’ என்று கேட்டவர்க்கு என் விடை இதுவே.

இரண்டாம் மறுப்பு நம்மவரிடமிருந்தே எழுவது. ‘அப்படியாயின் நாமே ஒரு விளையாட்டு இயற்றுவோம். அதில் அறத்துப்பாலை அமைப்போம். பொய் சொன்னால் மதிப்பெண் குறையட்டும்; பெற்றோரை வணங்கினால் கூடட்டும்’ என்பர் சில பெரியோர். இவர்தம் நோக்கத்தை வணங்குகிறேன், வழியை மறுக்கிறேன். இவர் கேட்பது மீண்டும் பரமபதமே. பாம்புக்குத் தீவினையின் பெயரும் ஏணிக்கு நல்வினையின் பெயரும் இட்டுவிட்டால் அறம் வந்துவிடுமா? மதிப்பெண்ணுக்காக வணங்கும் பிள்ளை மதிப்பெண் நின்றதும் வணக்கத்தை நிறுத்திவிடும். பொய்யால் நேரும் பிரிவையும், வணங்காத மகனால் வாடும் தாயையும் விளைவாகக் காட்டுக. தீர்ப்பைப் பிள்ளையிடம் விடுக. நல்ல நாவலும் நாடகமும் செய்துவந்தது அதுவன்றோ?

மூன்றாம் மறுப்பு: ‘படிக்கும் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு? காலக்கேடு!’ கண்ணும் உறக்கமும் கெடும் அளவிற்கு ஆடுதல் கேடுதான்; ஐயமில்லை. அளவை வரையறுப்பது பெற்றோர் கடமை. எனினும் ஒன்றை எண்ணுக. முடிவில்லாமல் ஏறிக்கொண்டேயிருக்கச் சொல்லும் விளையாட்டே பிள்ளையை எழவிடாமல் பிடித்து வைப்பது. ‘இன்னும் ஒரு படி, இன்னும் ஒரு படி’ என்று அது இழுக்கும். தன் குறிக்கோளைத் தானே வகுத்த பிள்ளைக்கு ‘இன்று இது போதும்’ என்று சொல்லவும் தெரியும். அந்த லயத்தைக் கட்டிய சிறுமி, பந்தலில் கொடி ஏற்றியதும் தானே கணினியை அணைத்துவிட்டுச் சோறுண்ணச் சென்றாள்.

ஆகவே இனி வரும் விளையாட்டில் நாம் வேண்டுவன இவை. வீடு மட்டும் கட்ட விரும்புவோர், கதை புனைய விரும்புவோர், தலைமுறை பல தொடர விரும்புவோர், பதவியில் உயர விரும்புவோர், சும்மா இருந்து பார்க்க விரும்புவோர் ஆகிய அனைவர்க்கும் ஒத்த மதிப்பு வேண்டும். ஒருவர் வழியைத் திறக்க மற்றொருவர் வழியில் நடக்கவேண்டும் என்னும் பூட்டு கூடாது. காலத்தின் ஓட்டத்தை ஆடுவோரே கூட்டவும் குறைக்கவும் வேண்டும். விரைந்து தட்ட இயலாத முதியோரும் உடல்குறையுற்றோரும் அப்போதுதான் ஆடக்கூடும். குடும்பம் என்பதன் எல்லை விரிதல் வேண்டும். பொருள்களையும் வழக்கங்களையும் ஆடுவோர் தாமே இயற்றிச் சேர்க்க வழி வேண்டும்; கோலமும் குத்துவிளக்கும் செய்துதருமாறு தொலைதூர நிறுவனத்திடம் நாம் ஏன் கையேந்த வேண்டும்?

மொழி பற்றித் தனியே சொல்லவேண்டும். ‘சிம்ஸ்’ மாந்தர் பேசுவது எந்நாட்டு மொழியுமன்று; ‘சிம்லிஷ்’ என்னும் பொருளற்ற ஒலிக்கோவை. இதனைக் குறையென எண்ணற்க. பொருளற்றதாதலின் பொருளை ஆடுவோரே இட்டு நிரப்பலாம். அச்சிறுமியின் திரையில் வாய் அசைந்தவர்க்கெல்லாம் பாட்டியே தமிழ்ப் பேச்சைத் தந்துகொண்டிருந்தார். இடம் விட்டால் நம் மொழி தானே வந்து அமரும் என்பதற்கு இது சான்று. ஆனால் திரையில் தோன்றும் எழுத்துகளோ பதினெட்டு மொழிகளில் உள்ளன, தமிழில் இல்லை. நிறுவனம் செய்யாவிடினும் ஆர்வலர் மொழிபெயர்த்துச் சேர்க்க வழிவிடுதல் வேண்டும்.

கட்டிய உலகம் கட்டியவர்க்கே உரியதாதலும் வேண்டும். 2002ஆம் ஆண்டு இணையத்தில் பலர் கூடி ஆடும் ‘தி சிம்ஸ் ஆன்லைன்’ தொடங்கப்பட்டது. 2008 ஆகஸ்டில் நிறுவனம் அதனை மூடியது. பலர் ஆண்டுக்கணக்கில் அமைத்த வீடுகள் ஒரே நாளில் இல்லாமற் போயின. 2023இல் பாரடாக்ஸ் நிறுவனம் அறிவித்த ‘லைஃப் பை யூ’, ஆடுவோர் எதனையும் மாற்றியமைக்கலாம் என்று உறுதி கூறிற்று. 2024 ஜூனில் வெளிவராமலே கைவிடப்பட்டது. தோட்டம் கைமாறியதும் லயத்தை விட்டு வெளியேற்றப்பட்டவர் நாம். ‘வீடு உன்னுடையதன்று, நிறுவனத்தினுடையது’ என்னும் சொல்லின் வலி நமக்குத் தெரியும். அந்த நாலாவது கதவு ஒருமுறை இடிக்கப்பட்டது போதும். மறுமுறை ஏதோ ஒரு நாட்டில் ஒருவர் விசையை அழுத்த, அது மீண்டும் மறைதல் கூடாது. ஆகவே அவ்வுலகம் ஆடுவோரின் கணினியிலேயே நிலைபெறுமாறு அமைக்கப்படல் வேண்டும்.

‘இவையெல்லாம் நம்மால் ஆகுமா?’ என்று அயர்தல் வேண்டா. டொராண்டோவில் ‘விசை’ என்னும் தமிழ்ப் பெயர் தாங்கிய சிறு குழு, கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதையை ‘வெண்பா’ என்னும் விளையாட்டாக 2023இல் வெளியிட்டது. கிழிந்து மங்கிய சமையற் குறிப்பேட்டைக் கொண்டு தாயின் சமையலை மீட்டெடுப்பதே அதன் ஆட்டம். 2024இல் பிரித்தானியாவின் பாஃப்டா பரிசும் அதற்குக் கிடைத்தது. அது ஒரே தடத்தில் செல்லும் கதை, வாழ்வியல் விளையாட்டன்று. எனினும் தமிழ்க் குடும்பத்தின் அடுப்படி உலகின் திரையில் ஏறும் தகுதியுடையது என்பதனை மெய்ப்பித்தது. அடுத்த படி அந்த அடுப்படியில் யார் என்ன சமைப்பது என்பதை ஆடுவோரிடம் விடுவது.

தமிழாசிரியப் பெருமக்களே! கட்டுரை வகுப்பில் ‘நான் ஒரு மருத்துவரானால்’ என்று இன்னும் எத்தனை ஆண்டுகள் எழுதச் சொல்வோம்? அதுவும் ஓர் ஏணிதான். ஒருமுறை இவ்வாறு கேட்டுப் பாருங்கள்: ‘உன் குடும்பத்தை ஒரு விளையாட்டாக்கினால் அதன் விளைவு விதிகள் எவை? வெற்றி என்பதை யார் முடிவு செய்வார்?’ மாணவர்களே! நிரல் எழுதக் கற்பவர் உங்களுள் பலர் உள்ளீர். விதிகளை வகுக்கும் நாள் வரும்போது ஒன்றை மறவாதீர்கள். விளைவைக் கடுமையாக வகுங்கள். குறிக்கோளைத் திறந்து வையுங்கள். ஒன்பதாமவர்க்கும் ஒரு பாய் விரிக்க இடம் விடுங்கள்.

லூமுட்டிலிருந்து படகு நாள்தோறும் புறப்படுகிறது. ஏறுவோரிடம் எவரும் காரணம் கேட்பதில்லை. நம் பிள்ளைகள் ஏறும் படகும் அவ்வாறே இருக்கட்டும்.